தோட்ட மீன்குளங்களை இணைத்தல்

தோட்ட மீன்குளங்களை இணைத்தல் என்பது, வீட்டுத் தோட்டத்தில் அருகருகே அமைந்த இரண்டு சிறு குளங்களின் நீர் ஒன்றோடொன்று கலக்கும் வகையில் அவற்றை வாய்க்கால், குழாய், அருவி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் தொடுக்கும் பணியைக் குறிக்கும். சிறிய பணியாகத் தோன்றினாலும் இதில் அடிக்கடி நேரும் இடர் ஒன்று உண்டு. அதுவரை நன்றாக நீர் தாங்கி நின்ற குளங்களில், இணைப்புக்காகத் துளையிட்ட பின்னர் கசிவு தொடங்குகின்றது. அந்த ஒரு துளையின் கசிவு இரண்டு குளங்களையும் வற்றச் செய்கின்றது. இணைத்த பின்னர் இரண்டு குளங்களும் ஒரே கலமாகிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே, எந்தப் பசையைக் கொண்டு அடைப்பது என்பதைவிட, இணைப்பு நீர்மட்டத்துக்கு மேலே அமைகின்றதா கீழே அமைகின்றதா, கீழே எனில் எவ்வளவு ஆழத்தில் அமைகின்றது என்பதே முதன்மையான கேள்வியாகும்.

நோக்கம்

நீரின் கொள்ளளவு கூடும்போது அதன் வெப்பநிலையும் வேதியியல் தன்மையும் மெதுவாகவே மாறுகின்றன. இதனால் பெரிய குளத்தில் மீன்கள் சிறிய குளத்தில் இருப்பதைவிட நலமாக வாழ்கின்றன. ஒரே பெரிய குளம் வெட்ட இடமில்லாதவர்கள், ஏற்கனவே உள்ள இரு குளங்களை இணைத்து இப்பயனைப் பெறுகின்றனர். ஒரு குளத்தில் மீன்களையும் மற்றொன்றில் நீர்த்தாவரங்களையும் வளர்த்து, தாவரக் குளத்தை வடிகட்டியாகப் பயன்படுத்துவதும் உண்டு. மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவைப் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைத் தாவரங்கள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. பெரிய மீன்கள் தின்றுவிடாதபடி குஞ்சுகளைத் தனியே வளர்க்கவும் இரண்டாவது குளம் உதவும்.

வரலாற்றில் இணைந்த குளங்கள்

குளங்களைத் தொடுக்கும் நுட்பம் மிகப் பழையது. இலங்கையின் அனுராதபுரத்தில் அபயகிரி விகாரையைச் சேர்ந்த குட்டம் பொக்குண எனப்படும் இரட்டைக் குளங்கள் இதற்குச் சிறந்த சான்றாகும். பெரிய குளம் ஏறத்தாழ 40 மீட்டரும் சிறியது ஏறத்தாழ 28 மீட்டரும் நீளம் கொண்டவை. இவை பிக்குகள் நீராடுவதற்காகக் கட்டப்பட்டவை. மீன் வளர்ப்புக்கானவை அல்ல. ஆயினும், நீர் குளத்துக்குள் வருமுன் சிறு தொட்டிகளில் தங்கி வண்டல் படிந்து தெளிவதும், நிலத்தடிக் குழாய் வழியே செல்வதும் இன்றைய தோட்டக் குளங்களில் பின்பற்றப்படும் அதே ஒழுங்கு ஆகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிகிரியா நீர்ப் பூங்காவிலும் குளங்கள் நிலத்தடிக் கால்வாய்களால் தொடுக்கப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டின் ஏரிகளில் வேறொரு முறையைக் காணலாம். ஓர் ஏரி நிரம்பியதும் மிகைநீர் அதன் கலிங்கு வழியே வழிந்து, தாழ்வான அடுத்த ஏரிக்குச் செல்கின்றது. (கலிங்கு இலங்கை வழக்கில் வான் எனப்படும்.) மதகு கரையின் அடிப்பகுதியில் துளையாக அமைவது, கலிங்கு கரையின் மேற்பகுதியில் அமைவது. மதகு பழுதானால் ஏரி அடிவரை வற்றும். கலிங்கில் வெடிப்பு ஏற்பட்டால் பெரும்பாலும் அதன் மேல்மட்ட நீரே இழக்கப்படும். தோட்டக் குளத்தை இணைப்பவரும் இவ்விரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கின்றார்.

இயற்பியல் அடிப்படை

ஒன்றோடொன்று தொடர்புள்ள கலங்களில் அசையாது நிற்கும் நீர், கலங்களின் வடிவம் எதுவாயினும், ஒரே மட்டத்தில் நிற்கும். கட்டடப் பணியில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளி புகும் நீர்மட்டக் குழாய் இவ்விதியைக் கொண்டே இயங்குகின்றது. குளங்களை இணைக்கத் திட்டமிடும்போது முதலில் செய்யவேண்டியதும் இக்குழாயைக் கொண்டு இரு குளங்களின் விளிம்புகளையும் ஒப்பிட்டு அளப்பதே. கண்ணால் பார்த்து மட்டம் சொல்வது இப்பணியில் நம்பத்தக்கதன்று. சரிவான நிலத்தில் 10 செ.மீ. வேறுபாடு கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

எடுத்துக்காட்டாக, நீர்ப்பரப்பு 6 சதுர மீட்டர் கொண்ட பெரிய குளத்தையும் 4 சதுர மீட்டர் கொண்ட சிறிய குளத்தையும் எடுத்துக்கொள்வோம். பெரிய குளத்தின் நீர்மட்டம் சிறியதைவிட 12 செ.மீ. உயரத்தில் உள்ளது எனக் கொண்டால், இவற்றை நீருக்கடியில் குழாயால் இணைத்ததும் பெரிய குளத்தின் நீர் 4.8 செ.மீ. இறங்கவும் சிறியதன் நீர் 7.2 செ.மீ. ஏறவும் முற்படும். சிறிய குளத்தின் விளிம்பு அதன் பழைய நீர்மட்டத்துக்கு மேல் 5 செ.மீ. மட்டுமே உயர்ந்திருந்தால் எஞ்சிய நீர், அதாவது ஏறத்தாழ 220 லிட்டர், வழிந்து வீணாகும். பெரிய குளமும் இனி ஒருபோதும் பழைய மட்டத்துக்கு நிரம்பாது. இது கசிவு அன்று. ஆனால் பலர் இதனைக் கசிவு என்றே எண்ணிக் குழாய் மூட்டைப் பிரித்துப் பிரித்துப் பூசுகின்றனர்.

உண்மையான கசிவின் வேகத்தை நிர்ணயிப்பது நீரின் அழுத்தம் (அமுக்கம்) ஆகும். நீரின் அழுத்தம் ஆழத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். 1 மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 9.8 கிலோபாசுக்கல். துளை வழியே நீர் பாயும் வேகமோ ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இதன்படி, 60 செ.மீ. ஆழத்தில் உள்ள ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள துளை, வெளிப்புறத்தில் தடை ஏதும் இல்லையெனில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வெளியேற்றும். மேற்சொன்ன இரு குளங்களிலும் சேர்த்து இது நாளுக்கு 18 மி.மீ. மட்டக் குறைவாகத் தெரியும். அதே துளை நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் தொடக்கத்தில் நாளுக்கு 50 லிட்டர் அளவே வெளியேறும். அதைவிட முதன்மையானது, நீர்மட்டம் அந்த 5 செ.மீ. இறங்கியதும் கசிவு தானே நின்றுவிடும் என்பது. முதலாவது துளை குளத்தை 60 செ.மீ. வரை வற்றச் செய்யும். இரண்டாவது அவ்வாறு செய்ய இயலாது. இணைப்பை இயன்றவரை மேலே அமைக்கவேண்டும் என்ற விதி இதிலிருந்தே பெறப்படுகின்றது.

குளத்தின் கட்டுமானப் பொருள்

தோட்டக் குளங்கள் பெரும்பாலும் சிமெண்டுக் கற்காரை (கான்கிரீட்), நெகிழ் விரிப்பு, முன்வார்ப்புத் தொட்டி ஆகியவற்றால் அமைக்கப்படுகின்றன. பழைய முறையில் களிமண்ணை நீருடன் பிசைந்து மிதித்து அடுக்குவதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கால்வாய்கள் இவ்வாறே நீர் தாங்கச் செய்யப்பட்டன. களிமண் குளம் உலர்ந்தால் வெடிக்கும் என்பதால் இணைப்புப் பணிக்காக அதனை நீண்ட நாள் வற்ற விடக்கூடாது.

நெகிழ் விரிப்புகளில் பி.வி.சி. எனப்படும் நெகிழி விரிப்பும் ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர் விரிப்பும் பரவலாகப் பயன்படுகின்றன. பி.வி.சி. விரிப்புகளை ஒன்றோடொன்று கரைப்பான் பசையாலோ வெப்பத்தாலோ ஒட்டலாம். ஈ.பி.டி.எம். வெப்பத்தால் உருகி ஒட்டாது. அதற்குரிய முன்பூச்சும் ஒட்டுநாடாவும் தேவை. இவ்விரண்டு வகை விரிப்புகளும் ஒன்றுடன் ஒன்று பசையால் நிலையாக ஒட்டுவதில்லை. ஒரு குளம் பி.வி.சி. விரிப்பாலும் மற்றது ரப்பர் விரிப்பாலும் ஆனதாயின், அவற்றை ஒட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, திருகாணிகளால் இறுக்கும் வளையங்களையோ மேலிருந்து வழியும் அமைப்பையோ நாடுவதே தக்கது.

இணைப்பு முறைகள்

ஒரே விரிப்பாக மாற்றுதல்

இரு குளங்களும் விரிப்பால் ஆனவையாகவும், இடையே உள்ள நிலம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதாகவும் இருந்தால், பழைய விரிப்புகளை அகற்றிவிட்டு இடைக்கரையை வாய்க்காலாக வெட்டி, முழுப்பரப்புக்கும் ஒரே விரிப்பை இடுவதே கசிவுக்கு இடமளிக்காத முறையாகும். செலவு கூடுதல் எனப் பலர் இதைத் தவிர்க்கின்றனர். ஆயினும் மூட்டே இல்லாத இடத்தில் மூட்டுக் கசிவு ஏற்படாது என்பதால், விரிப்பு ஏற்கனவே பழையதாக இருப்பின் இதுவே இறுதியில் சிக்கனமானது.

விரிப்பின் நீளத்தைக் கணக்கிட, குளத்தின் நீளத்துடன் ஆழத்தின் இருமடங்கையும் இரு பக்க விளிம்புகளுக்காக 60 செ.மீ.யையும் கூட்டவேண்டும். அகலத்துக்கும் இதே கணக்கு. 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 0.6 மீட்டர் ஆழமும் கொண்ட குளத்துக்கு 4.8 மீட்டர் நீளமும் 3.8 மீட்டர் அகலமும் தேவைப்படும். இணைந்த குளத்துக்கு வாய்க்கால் உட்பட முழு நீளத்தையும், இரண்டில் அகலமான குளத்தின் அகலத்தையும் கொள்ளவேண்டும். குறுகிய வாய்க்காலின் இருபுறமும் மிஞ்சும் விரிப்பை வெட்டாமல் மடித்து மண்ணுள் புதைப்பது பின்னாளில் உதவும்.

கலிங்கு முறை

ஒரு குளம் மற்றதைவிட உயரத்தில் இருக்கும்போது மேற்குளத்தின் நீர் விளிம்பிலுள்ள தாழ்ந்த வாய் வழியே அருவியாகக் கீழ்க்குளத்தில் விழும்படி செய்யலாம். விழுந்த நீரை மின் எக்கி மீண்டும் மேலே ஏற்றும். இம்முறையில் இரு விரிப்புகளையும் ஒட்டவேண்டியதில்லை. கூரையில் ஓடு வேய்வது போல, மேற்குளத்தின் விரிப்பு கீழ்க்குளத்தின் விரிப்புக்கு மேலாக வந்து படியவேண்டும். கீழ்விரிப்பின் ஓரம் அருவியின் பின்புறமாக மேலேறி, மேல்விரிப்பின் அடியில் கீழ்க்குள நீர்மட்டத்தைவிட நன்கு உயரத்தில் முடியவேண்டும். குறைந்தது 30 செ.மீ. மேற்பொருந்தல் இருப்பது நல்லது. நீர் மேல்நோக்கி ஏறினால் ஒழிய இம்மூட்டில் வெளியேற வழியில்லை. வரிசை தலைகீழாகி, கீழ்விரிப்பு மேலே வருமாறு அமைத்துவிட்டால், எவ்வளவு பசை பூசினாலும் நீர் இரண்டுக்கும் இடையே புகுந்துவிடும்.

நீரைத் தானாகவே வெளியேற்றும் மற்றொரு வழி நுண்புழை ஏற்றம் ஆகும். விளிம்பில் தேங்கிய மண், பாசி, புல்வேர் ஆகியவை குளத்து நீரையும் வெளிநிலத்தையும் ஒருங்கே தொட்டுக்கொண்டிருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நீரை வெளியே இழுக்கும். அருவியின் இருபக்கங்களிலும் விரிப்பின் ஓரத்தை மேல்நோக்கி மடித்து நிறுத்துவது இதனைத் தடுக்கும்.

எக்கி ஓடும்போது மேற்குளத்தின் நீர்மட்டம் கலிங்கின் வாயைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். எக்கி நின்றதும் அந்த நீர் கீழே வந்துசேரும். 4 சதுர மீட்டர் மேற்குளத்தில் 2 செ.மீ. உயரம் என்பது 80 லிட்டர். 6 சதுர மீட்டர் கீழ்க்குளம் அதனால் 1.3 செ.மீ. உயரும். கீழ்க்குளத்தில் இதற்கு மேல் இடம் இருக்கவேண்டும். எக்கியின் குழாய்வாய் மேற்குளத்தின் நீருள் ஆழமாக அமிழ்ந்திருந்தால், மின்தடையின்போது அது வடிகுழாயாக மாறி மேற்குளத்தையே கீழே இறக்கிவிடும். குழாய்வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது அல்லது நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு காற்றுத்துளை இடுவது இதற்குப் போதிய தீர்வாகும்.

கலிங்கு முறையில் அருவிப் பாதையில் எங்கு கசிந்தாலும் குறைவது கீழ்க்குளத்து நீரே. எக்கி அடித்தரையில் கிடந்தால், இரவில் தொடங்கும் ஒரு கசிவு விடியுமுன் கீழ்க்குளத்தை முற்றாக வற்றச் செய்யக்கூடும். எக்கியைத் தரையிலிருந்து உயர்த்தி ஒரு மேடையில் வைத்தால், நீர் அம்மட்டத்துக்கு இறங்கியதும் எக்கி காற்றை இழுக்கத் தொடங்கும். எக்கி பழுதாகலாம், ஆனால் மீன்களுக்கு நீர் எஞ்சியிருக்கும். மிதவை நிலைமாற்றி ஒன்றைப் பொருத்தினால் எக்கியும் காப்பாற்றப்படும்.

நீருக்கடியில் குழாய்

இரு குளங்களும் ஒரே மட்டத்தில் இருந்து, இடையே நடைபாதையோ மரமோ இருப்பதால் வாய்க்கால் வெட்ட இயலாதபோது குழாய் இணைப்பு தேவைப்படுகின்றது. கசிவு முறையீடுகள் மிகுதியாக எழுவதும் இம்முறையில்தான்.

விரிப்புக் குளத்தில் குழாயை விரிப்பின் துளை வழியே நுழைத்துச் சுற்றிலும் பசை பூசுவது நிலைக்காது. விரிப்பு நெகிழும், குழாய் நெகிழாது. பசை இரண்டிலிருந்தும் காலப்போக்கில் உரிந்துவரும். விரிப்பை இரண்டு வளையத் தகடுகளுக்கு இடையே வைத்துத் திருகாணிகளால் இறுக்கும் விளிம்பு இணைப்பியே இங்கு ஏற்றது. முதலில் குளச்சுவரின் பின்புறம் இணைப்பியின் வெளித்தகட்டை அசையாதபடி கற்காரையில் பதிக்கவேண்டும். பின்னர் விரிப்பை இட்டு, துளை வரவேண்டிய மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நீரை நிரப்பவேண்டும். நீரின் எடையால் விரிப்பு தன் இடத்தில் படிந்த பின்னரே துளையிடவேண்டும். முன்னரே வெட்டிய துளை, நீர் நிரம்பும்போது இடம்பெயர்ந்து கிழியும். தகடு அமரும் இடத்தில் விரிப்பில் மடிப்பு எதுவும் இருக்கக்கூடாது. திருகாணித் துளைகளைக் கத்தியால் கீறாமல் துளைக்கருவியால் வட்டமாக இடுவது நல்லது, ஏனெனில் கீறல் தன் முனையிலிருந்து மேலும் கிழியும், வட்டத் துளை எளிதில் கிழியாது. விரிப்பின் இருபுறமும் ரப்பர் வளையம் இட்டு, உள்தகட்டை வைத்து, எதிரெதிர்த் திருகாணிகளாக மாற்றி மாற்றி இறுக்கவேண்டும். குழாய்க்கான நடுத்துளையைக் கடைசியில் வெட்டினால் போதும். திருகாணிகள் துருவேறா எஃகினால் ஆனவையாக இருக்கவேண்டும்.

முன்வார்ப்பு நெகிழித் தொட்டிகளில், வீட்டு நீர்த்தொட்டிகளுக்குப் பொருத்தும் டேங்க் நிப்பிள் போன்ற இணைப்பி போதும். இதன் ரப்பர் வளையம் சமதளத்தில் அமர்ந்தால்தான் நீர் தாங்கும்; வளைந்த சுவரில் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் இடைவெளி விடும். தொட்டியில் தட்டையான பகுதி இல்லையெனில் வேறு முறையை நாடவேண்டும். பாலிஎத்திலீன் தொட்டிகளில் சிலிக்கோன் பசை சரியாக ஒட்டாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

கற்காரைக் குளம் புதிதாகக் கட்டப்படும்போதே குழாயைப் பதித்துவிடுவது சிறந்தது. அவ்வாறு பதிக்கும் குழாயின் நடுவில் ஓர் அகன்ற வளையத்தகடு (பட்டில் ஃபிளேஞ்ச்) இருக்கும். குழாயின் புறப்பரப்பை ஒட்டி ஊரும் நீர் இத்தகட்டைச் சுற்றிவர வேண்டியிருப்பதால் அதன் பாதை நீண்டு கசிவு தடைப்படுகின்றது. பழைய சுவரில் துளையிட்டுப் பொருத்தும்போது, வழுவழுப்பான பி.வி.சி. குழாயுடன் சிமெண்டு ஒட்டாது என்பதே சிக்கல். குழாயின் வெளிப்புறத்தில் கரைப்பான் பசையைத் தடவி மணலைத் தூவிக் காயவைத்தால் சொரசொரப்பான பரப்பு கிடைக்கும். பின்னர் சுருங்காத வகைச் சாந்தால் இடைவெளியை நிரப்பவேண்டும்.

ஆழத்தில் குழாய் பதிப்பதைத் தவிர்க்க இயலாவிடின், இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, குழாயின் இடையில் ஓர் அடைப்பிதழைப் (வால்வு) பொருத்துவது; ஒரு குளத்தில் கசிவு கண்டதும் இதனை மூடி மற்றக் குளத்தைக் காக்கலாம். மற்றது, குளத்தினுள் குழாயின் முனையில் ஒரு முழங்கை வளைவை இட்டு, மேல்நோக்கி நீர்மட்டத்துக்கு 10 அல்லது 15 செ.மீ. கீழே வரை உயர்த்துவது. மறுகுளம் முற்றாக வற்றினாலும் இக்குளத்தின் நீர் அந்த வாய்க்குக் கீழே இறங்காது. முதலாவது காப்புக்கு ஆள் அருகில் இருக்கவேண்டும். இரண்டாவதற்கு யாரும் தேவையில்லை என்பதால் இதுவே மேலானது. குழாயின் மூட்டே கசிந்தால் மட்டும் இரண்டாவது காப்பு பயன்படாது.

வளைகுழாய்ப் பாலம்

குளச்சுவரில் துளையே இடாமல், தலைகீழ் ப வடிவில் ஒரு குழாயைக் கரைக்கு மேலாக வளைத்து இரு முனைகளையும் நீருள் அமிழ்த்தி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி அகற்றினால் நீர் அதன் வழியே இரு பக்கமும் மட்டம் சமமாகும்வரை ஓடும். இது வடிகுழாய் (சைபன்) தத்துவமாகும். துளை இல்லாததால் கசிவும் இல்லை. ஆனால் குழாயின் உச்சியில் அழுத்தம் குறைவாக இருப்பதால் நீரில் கரைந்த வாயுக்கள் பிரிந்து அங்கே சேர்கின்றன. நாளடைவில் அக்காற்றுப் பை வளர்ந்து நீரோட்டத்தைத் துண்டிக்கும். உச்சியில் ஒரு சிறு அடைப்பிதழை இட்டு அவ்வப்போது காற்றை உறிஞ்சி எடுக்கவேண்டும். எக்கியின் நீரோட்டம் தொடர்ந்து தேவைப்படும் குளங்களுக்கு இம்முறையை மட்டும் நம்புவது இடருடையது.

குழாயின் விட்டம்

ஒரு குளத்திலிருந்து எக்கி நீரை மற்றதற்குச் செலுத்த, அந்நீர் இணைப்புக் குழாய் வழியே தானாகத் திரும்பிவரும் அமைப்பில், திரும்பும் நீரை ஓடச் செய்வது இரு குளங்களின் நீர்மட்ட வேறுபாடு மட்டுமே. மணிக்கு 10,000 லிட்டர் நீர், 2 மீட்டர் நீளமும் 110 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட குழாய் வழியே திரும்புவதற்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்ட வேறுபாடு போதும். அதே அளவு நீர் 50 மி.மீ. குழாய் வழியே செல்ல ஏறத்தாழ 35 செ.மீ. தேவைப்படும். எந்தத் தோட்டக் குளத்திலும் அவ்வளவு உயரம் விளிம்பில் இருப்பதில்லை. விளைவாக, எக்கி நீரைப் பெறும் குளம் நிரம்பி வழிய, எக்கி உள்ள குளம் வற்றிக்கொண்டே போகும். இலைகள் அடைத்துக்கொண்ட அகன்ற குழாயும் இவ்வாறே நடந்துகொள்ளும். ஆகவே மீன் புகாமல் தடுக்க வலை இடுவதாயின் அதனைக் குழாய்வாயில் தட்டையாகக் கட்டாமல், பரப்பு மிகுந்த கூடை வடிவில் அமைக்கவேண்டும். ஒரு பெரிய குழாய்க்குப் பதில் இரண்டைப் பதித்தால் ஒன்று அடைபட்டாலும் மற்றது இயங்கும்.

நிலம் அமிழ்தல்

புதிதாகத் தோண்டி நிரப்பிய மண் மழைக்குப் பின் அமிழும். நீர் நிறைந்த குளத்தின் எடை ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் ஆகும். இரு குளங்களும் ஒரே அளவாக அமிழ்வதில்லை. இடையே உள்ள விறைப்பான குழாய் அப்போது நெம்புகோலாகச் செயற்பட்டு மூட்டுகளைப் பிளக்கும். இணைத்துச் சில மாதங்கள் கழித்துத் திடீரென்று தோன்றும் கசிவுகள் பலவற்றுக்கு இது காரணமாக இருக்கலாம். குழாயின் நடுவில் ஒரு நெகிழ் ரப்பர் இணைப்பை இடுவதும், குழாயின் அடியில் மண்ணை நன்கு இடித்து இறுக்குவதும் இதற்குரிய தடுப்புகளாகும்.

பசைகள், உலோகங்கள், மீன்கள்

கசிவை அடைப்பது மட்டுமே நோக்கமாயின் பல பொருட்கள் உள்ளன; மீன் உயிருடன் இருக்கவேண்டுமாயின் அவை சிலவே. குளியலறைகளுக்கென விற்கப்படும் சிலிக்கோன் பசைகளில் பூஞ்சைக்கொல்லி சேர்க்கப்படுவதுண்டு. அது மீன்களுக்கு நஞ்சாகும். மீன்தொட்டிக்கு உரியது எனக் குறிக்கப்பட்ட பசையையே பயன்படுத்தி, முழுதும் உலர்ந்த பின்னரே நீர் விடவேண்டும். பி.வி.சி. கரைப்பான் பசை பூசிய குழாய்களை ஒரு நாள் காயவிட்டு நீரால் அலசவேண்டும். செம்பும் துத்தநாகமும் மிகக் குறைந்த அளவிலேயே மீன்களைத் தாக்கும் என்பதால், செம்பு, பித்தளை, நாகமுலாம் பூசிய இரும்பு ஆகியவற்றால் ஆன குழாய்ப் பொருட்களைத் தவிர்க்கவேண்டும்.

புதிய சிமெண்டிலிருந்து கால்சியம் ஐதராக்சைடு கரைந்து நீரின் காரத்தன்மையை உயர்த்துகின்றது. காரத்தன்மை உயரும்போது நீரிலுள்ள அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகின்றது. சிறிய பூச்சு வேலைக்குப் பின்னரும் கூட, சிமெண்டு இறுகிய பிறகு நீரை நிரப்பி வெளியேற்றிப் பலமுறை கழுவி, காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்.) 8.5க்குக் கீழ் நிலைபெற்ற பின்னரே மீன்களை விடவேண்டும்.

பணி நடக்கும்போது மீன்களை அவை வாழ்ந்த நீரையே நிரப்பிய தொட்டியில், நிழலில், காற்றூட்டியுடன் வைத்து மேலே வலை போடுவது வழக்கம். பதற்றமுற்ற மீன்கள் துள்ளி வெளியே விழும்.

கசிவைச் சோதித்தல்

குழாயை மண்ணால் மூடுவதற்கு முன்னரே சோதனை செய்யவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததாயினும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

நீர்மட்டம் குறைவதெல்லாம் கசிவன்று. வெப்பமான காலத்தில் ஆவியாதலால் நாளுக்கு 5 முதல் 10 மி.மீ. வரை குறையக்கூடும். இதனைப் பிரித்தறிய எளிய வாளிச் சோதனை உண்டு. ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, குளத்தின் படியிலோ ஒரு கல்லின் மீதோ பாதி அமிழ்ந்திருக்குமாறு வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியாதல்; குளம் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு. மழை நாளில் இச்சோதனை பயன்படாது.

கசிவு உறுதியானால் எக்கியை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். எக்கி ஓடும்போது மட்டும் நீர் குறைந்தால் பழுது அருவிப் பாதையிலோ எக்கியின் குழாயிலோ உள்ளது. நின்ற பின்னரும் குறைந்தால் அடைப்பிதழை மூடி எந்தக் குளம் குறைகின்றது எனக் காணலாம். மீன்களுக்கு ஆபத்தில்லாதவரை நீரைத் தானாக இறங்கவிட்டால், அது எந்த மட்டத்தில் நிற்கின்றதோ அம்மட்டத்தில்தான் துளை இருக்கும். அவ்விடத்தைச் சுற்றிச் சில துளி பாலை மெதுவாக விட்டால், துளையை நோக்கி வெண்கோடு ஒன்று இழுபடுவதைக் காணலாம். நீர் முற்றிலும் அசையாமல் இருக்கவேண்டும்.

மின்சாரம் தொடர்பில் வேறொரு கசிவும் கவனத்துக்குரியது. நீருள் இயங்கும் எக்கியின் மின்சுற்றில் 30 மில்லி ஆம்பியரில் செயற்படும் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் குளத்தில் கை வைக்கக்கூடாது. சோதனையின்போது எக்கியின் மின் இணைப்பை முற்றாகக் கழற்றிவிடவேண்டும்.

நீர் கலத்தலும் நோயும்

இணைப்பின் வழியே நீருடன் ஒட்டுண்ணிகளும் நோய்க்கிருமிகளும் செல்லும். வெண்புள்ளி நோய் இவ்வாறு எளிதில் பரவும். கோய் கெண்டைகளைத் தாக்கும் கோய் எர்ப்பிசு தீநுண்மம் 1998இல் அறியப்பட்டது. அதிலிருந்து பிழைத்த மீன்கள் வெளித்தோற்றத்தில் நலமாக இருந்துகொண்டே பிற மீன்களுக்கு அதனைப் பரப்பக்கூடும். ஆகவே வெவ்வேறு இடங்களில் வாங்கிய மீன்கள் இரு குளங்களிலும் இருந்தால், ஒரு குளத்தின் மீன்கள் சிலவற்றை மற்றக் குளத்து மீன் ஒன்றுடன் தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பின்னர் இணைப்பைத் திறப்பது பாதுகாப்பானது.

இரு குளங்களின் வெப்பநிலையும் காரகாடித்தன்மையும் வேறுபட்டிருந்தால் அடைப்பிதழை முதல் நாளில் சிறிதளவே திறந்து, இரண்டு மூன்று நாட்களில் முழுதும் திறக்கவேண்டும். நிரப்புவதற்குக் குழாய்நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டு கொண்டு நீக்கிய பின்னரே குளத்தில் விடவேண்டும்.